கல்லைக் காப்பது எந்தப் படம்?

பழைய மாமல்லபுரம் சாலை அலுவலகங்களில் வேலை பார்த்துக்கொண்டு கேளம்பாக்கத்தில் குடியிருக்கும் இளைஞர்கள் சிலர், ஞாயிறு விடிந்ததும் கேமராவோடு தொல்பழங்காலக் கற்களைத் தேடிக் கிளம்புகிறார்கள். திருப்போரூர் பக்கம் சிறுதாவூரில் கல்வட்டங்கள் இருக்கின்றன. மதுராந்தகம் பக்கம் சானூரில், இந்தியத் தொல்லியல் துறை 1950லும் 1952லும் அகழ்ந்த ஈமக்காடு இருக்கிறது. பாறையில் கீறிய உருவங்களையே பார்க்க விரும்புகிறவர்கள் இன்னும் தெற்கே, திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் வழியிலுள்ள பெருமுக்கல் மலைக்குப் போகிறார்கள். அங்கே குகைப் பாறையில் முக்கோணமும் கட்டமுமாகக் கோட்டுருவங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. இந்தத் தேடல் நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. அந்தந்தக் கல்லுக்கு ஆபத்து எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் கிடைக்கும்.

முதலில் இந்தத் தேடலின் பலம். இந்தியத் தொல்பழங்கால ஆய்வுக்கே வழி திறந்தவர் தொல்லியலாளர் அல்லர். ராபர்ட் புரூஸ் ஃபூட் நிலவியலாளர். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் அவர் கண்டெடுத்த கற்கருவிதான் இங்கே பழைய கற்காலம் ஒன்று இருந்ததை உலகுக்குச் சொன்னது. அதே ஆண்டு அவரும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தைக் கண்டார்கள். பின்னாளில் அங்கே அகழ்ந்த சாந்தி பப்பு குழுவினர், அவ்விடத்துக் கருவிகளின் பழமை 15 லட்சம் ஆண்டுகள் வரை போவதாக 2011இல் அறிவித்தார்கள்.

நம் காலத்துச் சான்று கொங்கணக் கரை. ரத்னகிரிப் பகுதியில் பொறியாளர் சுதிர் ரிஸ்புத்தும் அவருடைய தோழர்களும் ஊர் ஊராக நடந்து, மாடு மேய்ப்பவர்களிடமும் விவசாயிகளிடமும் விசாரித்தே யானை, மீன், மனித வடிவம் என நூற்றுக்கணக்கான செதுக்குருவங்களை வெளிக்கொண்டு வந்தார்கள். 2022இல் அவை யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறின. ஓர் அரசுத் துறை எத்தனை அலுவலர்களை வைத்திருந்தாலும் ஒவ்வொரு மேட்டையும் நடந்து பார்க்க அதனால் முடியாது. ஆர்வலரின் கால்கள் இல்லாவிட்டால் இவற்றில் பெரும்பகுதி இன்றும் புல்லுக்கடியில்தான் கிடந்திருக்கும்.

இனிக் குறைகள். முதல் குறை, அவசரத் தீர்ப்பு. மாமல்லபுரத்துப் பாறைகளில் வரிசையாக ஓடும் ஆப்புக்குழிகள் கல்லைப் பிளக்கச் சிற்பிகள் அடித்தவை. ஊர்ப் பாறைகளில் தானியம் குத்திய உரல்குழிகள் உண்டு. பொழுதுபோக்கக் கீறிய ஆடுபுலி ஆட்டக் கட்டங்கள் உண்டு. எல்லைக் குறிகளும் உண்டு. இவற்றில் எதைப் பார்த்தாலும் 5,000 ஆண்டுப் பழமை என்று எழுதிவிடுகிற வேகம் இந்த வட்டாரத்தில் பெருகிவிட்டது. பாறைக்கீறலுக்கு வயது சொல்வது தேர்ந்த ஆய்வாளருக்கே கடினம். கரி கிடைத்தால் கதிரியக்கக் கணிப்பு செய்யலாம்; வெறும் பள்ளத்தில் கணிக்க எதுவும் இல்லை. சுற்றுப்புறத்தில் கிடைக்கும் கருவிகள், பானை ஓடுகள், கீறலின் மேல் படிந்த நிறமாற்றம், ஒன்றன்மேல் ஒன்று விழுந்த கீறல்களின் வரிசை ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தே ஊகிக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பானை ஓட்டை நினைவுப் பொருளாகப் பையில் போட்டுக்கொண்டு வருகிறவர், கல்லின் வயதை அறியும் வழியையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு வருகிறார்.

இரண்டாவது குறை, படம் எடுபடவேண்டும் என்பதற்காகக் கல்லைத் தொந்தரவு செய்வது. கீறலுக்குள் சாக்கட்டி தீட்டுகிறார்கள், தண்ணீர் ஊற்றுகிறார்கள், பாசியைச் சுரண்டுகிறார்கள். சாக்கட்டிக் கோடு கீறலை அல்ல, தீட்டியவர் கண்ட உருவத்தையே காட்டும். அடுத்து வருகிறவரும் அதையே காண்பார். இவை எதுவும் தேவையே இல்லை. காலையிலும் மாலையிலும் சாய்ந்து விழும் வெயிலில் ஆழமில்லாத கீறலும் நிழலோடு எழுந்து நிற்கும். குகையிருட்டில் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் அதே பலன் கிடைக்கும். ஓர் அளவுகோலைப் பக்கத்தில் வைத்து, முழுப்பாறை, உருவத்தொகுதி, தனி உருவம் என மூன்று தூரங்களில் எடுத்தால் அழகான படம் ஆவணமாகிவிடும்.

மூன்றாவது குறைதான் கனமானது: இடத்தைப் பகிரங்கப்படுத்துவது. நீலகிரியில் கரிக்கையூரின் பழம்பாறை ஓவியங்கள் மேல் மலையேற வந்தவர்கள் கிறுக்கிவைத்தார்கள். கோவைக்கு அருகே குமிட்டிபதியிலும் ஓவியத்துக்குப் பக்கத்தில் பெயர்கள் ஏறின. கல்வட்டம் என்றாலே புதையல் என்று நம்பித் தோண்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

அப்படியென்றால் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் நல்லதா? பெல்லாரிக்கு அருகிலுள்ள குப்கல் குன்று வேறொரு பாடம் சொல்கிறது. அங்கிருந்த பாறைக்கீறல்கள் 1892இலேயே தெரியவந்தவை. பின்னால் தேடிப் போனவர்களுக்கு அவை அகப்படவில்லை. மங்கிப்போன சில படங்களே மிஞ்சின. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தொல்லியலாளர் நிக்கோல் பாய்வின் அவற்றை மீண்டும் கண்டபோது, கல் உடைப்பு குன்றின் ஒரு பகுதியைத் தின்றிருந்தது. பதிவு போதாத இடத்தில் மௌனம் குவாரிக்கே உதவியது.

இதை நம் வட்டாரத்தோடு பொருத்திப் பார்க்க வேண்டும். கரிக்கையூரில் ஆபத்து பார்வையாளரிடமிருந்து வருகிறது. அங்கே இடத்தைச் சொல்வது தீங்கு. செங்கல்பட்டு மாவட்டத்தில் கல்வட்டத்துக்கு ஆபத்து மனைப்பிரிவிலிருந்தும் கல்குவாரியிலிருந்தும் வருகிறது. இங்கே ஒருவருக்கும் தெரியாத கல்வட்டத்தை ஒரு ஜேசிபி ஒரே பகலில் துடைத்துவிடும். மத்திய அரசின் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்ட இடமென்றால், 2010 சட்டத்திருத்தத்தின்படி 100 மீட்டருக்குள் கட்டுமானம் கூடாது. அறிவிக்கப்படாத கல்லுக்கு அந்த வேலி கிடையாது. அதற்குத் துணை நிற்கக்கூடியது, தேதியும் சர்வே எண்ணும் சேர்ந்த ஒரு புகைப்படமே.

ஆகவே நான் கேட்பது வரிசை மாற்றம்தான். முதலில் ஊராரிடம் சொல்ல வேண்டும். அது அவர்கள் கல், பல இடங்களில் அவர்கள் கும்பிடும் கல். அடுத்து, அளவோடும் இட விவரத்தோடும் மாநிலத் தொல்லியல் துறைக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் எழுத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்க வேண்டும். பொதுவெளிக்குக் கடைசியில் வரலாம், அதுவும் இடக்குறி இல்லாமல். மனு கொடுத்தும் அசைவில்லை, இயந்திரம் வாசலுக்கு வந்துவிட்டது என்றால் மட்டும் இடத்தையும் சேர்த்து உரக்கச் சொல்லலாம். அப்போது இழப்பதற்கு வேறொன்றும் இல்லை. இந்த உழைப்புக்கு ஆயத்தமாக இருக்கிறவர்கள் எத்தனை பேர் வந்தாலும் இந்த மண்ணுக்குத் தேவை. படத்தோடு நின்றுவிடுகிறவர்கள் கூடக்கூட, கல்லுக்குப் பாரம்தான் கூடுகிறது.