வாழைப்பழம், கிளி, ஏ/எல்

ஸ்கெட்ச் காமெடி செய்யக் கிளம்பும் நண்பர்கள் முதலில் தேடுவது நடிக்கத் தெரிந்த ஒருவனை. அடுத்து, நாலு சினிமா வசனம். அதற்கடுத்து, புடவை கட்டச் சம்மதிக்கும் ஒரு பையன். நான் பார்த்த பல்கலைக்கழகக் கலை இரவுகளில் பெரும்பாலானவை இந்த மூன்றை நம்பித்தான் நடந்தன. எழுதத் தெரிந்த ஆளை யாரும் தேடுவதில்லை. ஆனால் ஸ்கெட்ச் முதலில் எழுத்து, நடிப்பெல்லாம் பிறகுதான்.

1989இல் வந்த 'கரகாட்டக்காரன்' படத்தின் வாழைப்பழக் காட்சியை எடுத்துக்கொள்வோம். ஏ. வீரப்பன் எழுதியது. நாம் அதைக் கவுண்டமணியின் கத்தலாகவும் செந்திலின் முழியாகவுமே ஞாபகம் வைத்திருக்கிறோம். எழுத்தாகப் பிரித்தால் விஷயம் ரொம்பச் சின்னது. இரண்டு பழம் வாங்கச் சொன்னார்கள். ஒன்றைத் தின்றாச்சு. இன்னொன்று எங்கே என்று கேட்டால், கொடுத்தது எதுவோ அதுவேதான் இன்னொன்று என்கிறார் செந்தில். கேள்வி மாறவில்லை, பதிலும் மாறவில்லை. கோபம் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. வேறு எந்த ஜோக்கையும் உள்ளே விடவில்லை. பொறியாளன் பாஷையில் சொன்னால், ஒரே ஒரு மாறியைத்தான் திருகியிருக்கிறார்கள்.

1969 டிசம்பரில் பிபிசியில் ஒளிபரப்பான மான்டி பைத்தான் குழுவின் செத்த கிளி ஸ்கெட்சும் அப்படித்தான். ஜான் கிளீஸும் கிரகாம் சாப்மனும் எழுதியது. வாங்கிய கிளி செத்துவிட்டது என்கிறார் வாடிக்கையாளர். இல்லை, ஓய்வெடுக்கிறது என்கிறார் கடைக்காரர். இதற்கு முன்னோடியான, 1968இல் படமாக்கப்பட்ட ஒரு ஸ்கெட்சில் கிளி கிடையாது, பழுதான கார்தான். பழுதை ஒத்துக்கொள்ளாத கார் விற்பனையாளரை நாம் நிஜத்திலேயே பார்த்திருக்கிறோம். சாவை ஒத்துக்கொள்ளாதவரைப் பார்த்ததில்லை. திருத்தி எழுதுவது என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. கிளி ஸ்கெட்சில் பொய் சொல்பவர் காசை வாங்கிப் போட்டுக்கொண்ட கடைக்காரர். வாழைப்பழத்தில் அடம்பிடிப்பவன் அடிவாங்கும் எடுபிடி. கவுண்டமணி–செந்தில் காட்சிகள் பலவற்றில் உருவக்கேலி மலிந்து கிடக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் இந்தக் காட்சியில் நாம் சிரிப்பது செந்திலின் உருவத்தைப் பார்த்து அல்ல. அடித்தாலும் அசையாத அவரது தர்க்கத்தைப் பார்த்து.

நம் மேடைகள் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. தோட்டத்துப் பையனின் இங்கிலீஷ் உச்சரிப்பு, கறுத்த பெண், குண்டானவன் என்று ஆளைக் கொண்டுவந்து நிறுத்தியதும் சிரிப்பு வந்துவிடுகிறது. எனவே எழுத வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது. அந்த ஆளுக்கென்று ஒரு வாதம்கூட இருப்பதில்லை. கூட்டத்தில் அதே உச்சரிப்போடு உட்கார்ந்திருக்கும் முதலாமாண்டு மாணவன் அடுத்த வருடம் மேடை ஏறுவானா? அதே 1989இல் கோலாலம்பூரில் ஜோ குகதாஸ் முதலானோர் தொடங்கிய இன்ஸ்டன்ட் கஃபே தியேட்டர், ஆங்கிலத்தில், அரசியல்வாதிகளை வைத்துச் சிரிக்கக் காட்டியது. தமிழில் நமக்கு அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை.

புதிதாக எழுதுபவர்கள் ஆளிலிருந்து தொடங்காமல் ஒரு கோளாறிலிருந்து தொடங்கிப் பார்க்கலாம். நம் அடையாள அட்டையில் பெயருக்கு நடுவே இருக்கும் ஏ/எல் போதும். விமான நிலைய முகப்பு. அப்பா பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்கிறது கணினி. "டிக்கெட்டுல ரெண்டு பேர் பேரு இருக்கு சார், இன்னொருத்தர் எங்க?" அப்பா வருகிறார். அவர் அட்டையில் தாத்தா பெயர். தாத்தாவைக் கூப்பிட்டால் அவர் அட்டையில் கொள்ளுத்தாத்தா. கடைசியில் ராஜுலா கப்பலில் வந்த பாட்டன் வரைக்கும் வரிசை நீள்கிறது. முகப்பில் இருப்பவர் கடைசிவரை மரியாதையாகத்தான் பேச வேண்டும். கத்தினால் ஸ்கெட்ச் கெட்டுவிடும்.

மூன்று நிமிடம், இரண்டு பக்கம், ஒரே கோளாறு. எழுதியதைச் சத்தமாக வாசியுங்கள். நடிக்கவே தெரியாத ஒரு நண்பன் வாசித்தும் சிரிப்பு வந்தால் மேடைக்கு எடுத்துப் போகலாம். புடவை தேவையா என்பதை அப்புறம் பேசிக்கொள்வோம்.