மலிவு மின்சாரமும் மறைந்திருக்கும் கடிகாரமும்

பிரிட்டனில் 1978-ஆம் ஆண்டு அறிமுகமாகி இன்றளவும் லட்சக்கணக்கான வீடுகளில் வழக்கில் இருந்துவரும் ‘எக்கானமி செவன்’ என்னும் மின்கட்டண முறை, இரவில் ஏழு மணி நேரத்துக்கு மின்சாரத்தைக் குறைந்த விலைக்கும், மீதிப் பதினேழு மணி நேரத்துக்குச் சற்று அதிக விலைக்கும் விற்பது என்ற ஏற்பாடே ஆகும். சொல்லும்போது எளிதாயிருக்கும் இவ்வேற்பாட்டின் உள்ளே மூன்று கடிகாரங்கள் ஓடுகின்றன: மின்சாரத்தை உற்பத்தி செய்கிறவர்களின் கடிகாரம் ஒன்று, வீட்டுச் சுவரில் மாட்டிய மீட்டரின் கடிகாரம் ஒன்று, அந்த வீட்டில் குடியிருக்கிறவரின் கைக்கடிகாரம் ஒன்று. இம்மூன்றும் ஒத்துப்போகும் வரையில் திட்டம் சிலாக்கியமானதே. ஒத்துப்போகாதபோது அதைக் கண்டுபிடிக்கும் பாரம் யார் தலையில் விழுகிறது என்பதைக் கவனித்தால்தான் இம்முறையின் குணமும் குற்றமும் விளங்கும்.

முதலில் குணத்தைச் சொல்லிவிடுவது நியாயம். மின்சாரம் பண்டசாலையில் மூட்டையாக அடுக்கி வைக்கக்கூடிய சரக்கு அல்ல; உற்பத்தியான கணத்திலேயே செலவாகவேண்டிய வஸ்து. ஊர் உறங்கும் வேளையில் தேவை சரிந்துவிடுகிறது. ஆனால் நிலக்கரியில் ஓடும் பெரிய நிலையங்களையும், அவற்றைக் காட்டிலும் பிடிவாதமான அணு நிலையங்களையும் இரவுதோறும் அணைத்து விடியற்காலையில் மூட்டிக்கொண்டிருப்பது ஆகாத காரியம். அந்த நாளில் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் மின் உற்பத்தியை நடத்திவந்த மத்திய மின் உற்பத்தி வாரியம் இந்தச் சங்கடத்துக்கு இரண்டு விதமான பரிகாரங்களைத் தேடிற்று. வேல்ஸ் தேசத்து மலைக்குள்ளே டினோர்விக் என்னுமிடத்தில், இரவு மின்சாரத்தால் தண்ணீரை மேலே ஏற்றி, வேண்டும்போது கீழே விட்டு மின்சாரம் எடுக்கும் பிரம்மாண்டமான நிலையம் ஒன்றை அமைத்து 1984-இல் திறந்தது ஒரு பரிகாரம். சாதாரணக் குடும்பங்களின் வீட்டுக்குள்ளேயே இரவு மின்சாரத்தைச் சூடாக மாற்றிச் சேமித்துவைக்கச் செய்தது மற்றொன்று. கனமான செங்கற்களைத் தகரப் பெட்டிக்குள் அடுக்கி, அவற்றினூடே மின்கம்பிச் சுருளை ஓடவிட்ட ஹீட்டர்கள் 1960-களிலேயே பரவியிருந்தன. இரவெல்லாம் காய்ந்து பகலெல்லாம் அனலை வெளியிடுவது அவற்றின் தொழில். சமையல் வாயுக் குழாய் எட்டாத கிராமங்களிலும், வாயு அனுமதிக்கப்படாத அடுக்குமாடிகளிலும் குளிர்காலத்தைக் கழிக்க அவை பெரிதும் உதவின. விற்கிறவருக்கு வீணாகும் சரக்கு வாங்குகிறவருக்கு மலிவாகக் கிடைக்கும்படி அமைந்த இந்த விலை, உற்பத்திச் செலவின் உண்மையை ஒளிக்காமல் சொன்ன விலை என்பதில் ஐயமில்லை.

ஆனால் உண்மையைச் சொல்லும் விலை எல்லார்க்கும் ஆதாயமான விலை ஆகிவிடாது. இரவு யூனிட்டின் விலை பகல் யூனிட்டில் ஏறத்தாழப் பாதி என்று வைத்துக்கொண்டாலும், பகல் யூனிட்டுக்கு ஒற்றை விலைக்காரர் கொடுப்பதைவிட அதிகம் கொடுக்க வேண்டியிருப்பதால், மொத்தச் செலவில் ஐந்தில் இரண்டு பங்காவது இரவில் ஆனால்தான் இம்முறை கட்டுப்படியாகும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. செங்கல் ஹீட்டரோ நாளைக்குக் குளிர் எப்படியிருக்கும் என்று இன்றிரவே ஊகித்துத் திருகவேண்டிய கருவி; காலையில் ஆளில்லாத வீட்டைச் சூடாக்கிவிட்டு, எல்லாரும் வீடு திரும்பும் சாயங்காலத்தில் ஆறிப்போய் நிற்பது அதன் சுபாவம். ஹீட்டரைக் கழற்றி எறிந்துவிட்டுக் கட்டண முறையை மட்டும் மாற்றாமல் விட்ட வீடுகளும் உண்டு. அங்கே குடிவருகிறவர் காரணம் தெரியாமலே பகல் விலையைச் செலுத்திக்கொண்டிருப்பார். இவையெல்லாம் பலரும் எடுத்துச் சொன்ன குறைகள்தாம். கடிகாரத்தின் குறையைத்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

பழைய வீடுகளில் மீட்டருக்குப் பக்கத்தில் டைம் ஸ்விட்ச் என்னும் தனிப் பெட்டி ஒன்று இருக்கும். வென்னர், சங்கமோ என்ற பெயர்கள் பொறித்த இப்பெட்டிகளுக்குள்ளே, நாளுக்கு ஒரு சுற்றுச் சுற்றும் முகப்பும், அதன் விளிம்பில் திருகி வைத்த சிறு முளைகளும் உண்டு. முளை வந்து தட்டும்போது மீட்டர் ஒரு எண் வரிசையிலிருந்து மற்றொன்றுக்கு மாறும். முகப்பைச் சுற்றுவது மின்சாரத்தின் ஐம்பது ஹெர்ட்ஸ் அலைவையே தாளமாகக் கொண்ட சிறு மோட்டார். தேசிய மின் தொகுப்பை நடத்துகிறவர்கள் அந்த ஐம்பதைச் சராசரியில் வழுவாமல் காத்து வருவதால், கரண்ட் இருக்கும்வரை இக்கடிகாரம் மாதக்கணக்கில் தவறாது ஓடும். கரண்ட் போனாலோ நின்றுவிடும். வந்தபின் நின்ற இடத்திலிருந்தே மறுபடி புறப்படும். ஆகவே இதன் பிழைக்கு ஒரு விசேஷம் உண்டு: இது பின்தங்குமே தவிர முந்துவதில்லை. இருபது நிமிஷத் தடை ஒன்று, ஒரு மணி நேரத் தடை ஒன்று என்று வருஷக்கணக்கில் சேர்ந்த தடைகளெல்லாம் கூடி, மலிவு நேரம் மெல்ல மெல்ல விடியலை நோக்கி நகர்ந்து, சில வீடுகளில் நடுப்பகலிலேயே போய் நின்றுவிட்டதும் உண்டு. தடையின்போதும் ஓடும்படி உள்ளே சுருள்வில் வைத்த நல்ல ஜாதிப் பெட்டிகளும் இருந்தன. வில்லுக்கும் வயசாகும் அல்லவா?

வீட்டுக்காரர் அதைத் திருத்திக்கொள்ளலாமே என்றால், பெட்டிக்கு முத்திரை வைத்திருக்கிறது, தொடுவது குற்றம். மீட்டர் பார்க்க வருகிறவர் எண்ணைக் குறித்துக்கொண்டு போவதற்கு வருகிறாரேயன்றி மணி பார்க்க வருவதில்லை.

இத்துடன் கோடைக்கால நேரம் என்ற அரசாங்க ஏற்பாடு வேறு சேர்ந்துகொள்கிறது. மார்ச் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அந்த நாட்டார் தங்கள் கடிகாரங்களை ஒரு மணி முன்தள்ளி, அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை பின்னுக்கு இழுத்துக்கொள்கிறார்கள். சுவரிலுள்ள பெட்டிக்கு இந்தச் சட்டம் தெரியாது. அது வருஷம் முழுவதும் கிரீன்விச் நேரத்தையே அனுஷ்டிக்கிறது. எனவே குளிர்காலத்தில் நள்ளிரவு 12.30 முதல் காலை 7.30 வரையில் இருக்கும் மலிவு நேரம், கோடையில் 1.30 முதல் 8.30 வரையில் ஆகிவிடுகிறது. துண்டுப் பிரசுரத்தில் 12.30 என்று படித்துவிட்டு அந்நேரத்துக்குத் துணி துவைக்கும் யந்திரத்தை ஓடவிட்டுப் படுக்கிறவர், முதல் ஒரு மணி நேரத்தைப் பகல் விலைக்கே செலவிடுகிறார். அந்நாட்டில் எல்லா மீட்டர்களும் இப்படி என்று சொல்லிவிடவும் இடமில்லை. நேரத்தைத் தாமே மாற்றிக்கொள்கிறவையும் உண்டு. ஊருக்கு ஊர் மலிவு நேரம் வேறு. சில ஊர்களில் இரவு பத்துக்கே தொடங்கிவிடும். இத்தனை பேதங்களுக்கு நடுவே, தம் வீட்டில் எது என்று நிச்சயமாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர், படுக்கும்முன் இரண்டு எண் வரிசைகளையும் குறித்துவைத்து, நடுநிசியில் எழுந்து எது நகர்கிறது என்று விளக்கைப் பிடித்துப் பார்ப்பதைத் தவிர வேறு உபாயம் இல்லை.

இந்தப் பிழையால் யாருக்கு எவ்வளவு நஷ்டம் என்பதை நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்; எல்லாவற்றையும் அநியாயம் என்று கூவுவது சரியன்று. மலிவு நேரத்தில் மட்டும் உயிர்பெறும் தனிக் கம்பித்தடத்தில் செங்கல் ஹீட்டர் இணைக்கப்பட்டிருந்தால், அதற்கு மின்சாரத்தைத் திறந்துவிடுவதும் மீட்டரின் எண்ணை மாற்றுவதும் ஒரே ஸ்விட்ச். கடிகாரம் எவ்வளவு தவறினாலும் ஹீட்டர் மலிவு விலைக்கே காயும். கெட்டுப்போவது சௌகரியம் மட்டுமே. தண்ணீர்த் தொட்டியின் இம்மர்ஷன் ஹீட்டர், துவைக்கும் யந்திரம், இக்காலத்து மின்சாரக் கார் ஆகியவைதாம் தத்தமக்கென்று தனிக் கடிகாரம் வைத்துக்கொண்டு பொதுத் தடத்தில் நிற்பவை. நஷ்டம் விளைவது இவற்றால்தான். பின்தங்கிய பெட்டியால் லாபம் பெறுகிறவரும் இல்லாமலில்லை: மலிவு நேரம் காலை ஒன்பது மணி வரை தள்ளிப்போய்விட்ட வீட்டில், குளியலும் காலைப் பலகாரமும் இரவு விலைக்கு முடிந்துவிடும். அத்தகையவர் புகார் எழுதுவார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

பொதுத் தடத்தின் நஷ்டத்தைவிடக் கொடிது எண் வரிசை இடம் மாறுவது. ஒரு மீட்டரில் முதல் வரிசை இரவைக் குறிக்கும். வேறொன்றில் பகலைக் குறிக்கும். சிலவற்றில் இரண்டு எண்களைத் தவிர ஓர் எழுத்துக்கூட இராது. மீட்டரை மாற்றும்போதோ, மின்சாரம் விற்கும் கம்பெனியை மாற்றும்போதோ ஏட்டில் ஒரு வரி தலைகீழாக ஏறிவிட்டால், இரவெல்லாம் ஹீட்டர் காய்ந்த யூனிட்டுகள் பகல் விலைக்கும், பகலில் ஒரு விளக்கு எரிந்த யூனிட்டுகள் இரவு விலைக்கும் கணக்காகி, பில் மாதந்தோறும் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும். கடிகாரம் சரி, மீட்டர் சரி, கூட்டல் சரி. பெயர் மாத்திரம் தப்பு. கம்பெனியின் கணக்கு இதைத் தானாகக் கண்டுகொள்ளாது. குளிர்கால பில்லில் பகல் யூனிட் அளவுக்கு மீறி உயர்ந்து இரவு யூனிட் அற்பமாக இருப்பதைப் பார்த்து வீட்டுக்காரரே சந்தேகப்பட்டாலொழிய வெளிப்படாது.

பொறியாளர்கள் இந்தக் குறைகளை அறியாதவர்கள் அல்லர். கடிகாரத்தை வீட்டுக்குள் வைப்பதால்தானே தொல்லை என்று கருதி, 1980-களில் அதை வானொலிக்குக் கொண்டுபோனார்கள். டிராய்ட்விச், வெஸ்டர்கிளென், பர்க்ஹெட் என்ற ஊர்களிலுள்ள கோபுரங்களிலிருந்து பி.பி.சி.யின் ரேடியோ 4 நிலையம் நீண்ட அலையில் ஒலிபரப்பாகி வந்தது. 198 கிலோஹெர்ட்ஸில் ஓடும் அந்த அலையின் கட்டத்தை மிக நுட்பமாக அசைத்து, விநாடிக்கு 25 இலக்கம் என்ற நிதான வேகத்தில் கட்டளைகளை அதனுள் பொதிந்து அனுப்பினார்கள். கப்பல்களுக்கான வானிலை அறிக்கையைக் கேட்டுக்கொண்டிருக்கிறவரின் காதுக்கு எட்டாத அந்தக் கட்டளை, சுவரிலுள்ள பெட்டிக்கு எட்டி ஹீட்டரைத் தூண்டும். நேரம் தவறுவதில்லை, வேண்டும்போது நேரத்தை மாற்றலாம், வீடுகளைக் குழுக்களாகப் பிரித்து ஒவ்வொரு குழுவையும் வெவ்வேறு வேளையில் தூண்டலாம். இந்தக் கடைசிச் சௌகரியம் சாமானியமானதன்று. மலிவு நேரம் பிறந்தது என்று எல்லா ஹீட்டர்களும் ஒரே விநாடியில் விழித்துக்கொண்டால், ஊரிலுள்ள மதகுகளையெல்லாம் ஒருங்கே திறந்த ஏரி போலத் தொகுப்பு தடுமாறிப்போகும். என் அபிப்பிராயத்தில் இம்முறையின் நெடிய சரித்திரத்தில் மிக நேர்த்தியான வேலை இதுவே. ஆயினும் வீட்டுக்காரர் நிலை மாறவில்லை: முன்பு பெட்டிக்குள் மறைந்திருந்த கடிகாரம் பிறகு ஆகாயத்தில் மறைந்தது.

அந்த வானொலிச் சேவை முதுமையடைந்த கருவிகளோடு முடிவுக்கு வருகிறது. 2025 ஜூன் 30-ஆம் தேதியோடு நிறுத்துவதாக அறிவித்திருந்து, மாற்றப்படாத மீட்டர்கள் லட்சக்கணக்கில் எஞ்சியிருந்தபடியால், பகுதி பகுதியாக அணைப்பதென்று தீர்மானித்தார்கள். சமிக்ஞை நின்றுபோனால் ஹீட்டர் ஓயாமல் எரியலாம், அல்லது எரியாமலே கிடக்கலாம், அல்லது வேளை கெட்டு எரியலாம் என்று ஆஃப்ஜெம் என்னும் அந்நாட்டு ஒழுங்குமுறை ஸ்தாபனமே எச்சரித்தது. பழைய பெட்டியின் இடத்துக்கு வரும் ஸ்மார்ட் மீட்டர் தன் நேரத்தைத் தொலைவிலிருந்தே சரிசெய்துகொள்ளும் சாமர்த்தியம் வாய்ந்தது. அரை மணிக்கு எத்தனை யூனிட் ஆயிற்று என்று பதிந்துவைப்பதால், பழைய தகராறுகளைச் சாட்சியத்தோடு தீர்க்கவும் அது உதவும். ஆனால் அதன் உள்நேரமும் கோடையில் நகராத உலகப் பொது நேரமே. தூண்டல்கள் ஒன்றாய் விழாதிருக்க, அரை மணிக்கு உட்பட்ட ஒரு தாமதத்தையும் தற்செயலாக விதித்துக்கொள்ளும். ஆகவே 12.30 என்று காகிதத்தில் கண்டவருக்கு 12.47 என்பதே உண்மையாக இருக்கலாம். தொகுப்புக்கு அது நன்மைதான். அந்தப் பதினேழு நிமிஷத்தை வீட்டுக்காரருக்குச் சொல்லாமல் விடுவதற்கு மட்டும் நியாயம் தெரியவில்லை.

குற்றத்தின் வேர் யந்திரத்தில் இல்லை, பொறுப்பு சிதறியதில் இருக்கிறது என்றே நான் கருதுகிறேன். தேசியமயமாயிருந்த காலத்தில் அந்தந்த வட்டாரத்து மின் வாரியமே மின்சாரத்தை விற்றது, கம்பியைப் பராமரித்தது, பெட்டியையும் மாட்டியது. பிழை என்றால் போய் நிற்க ஒரே வாசல் இருந்தது. 1990-இல் தனியார்மயமாகி, அப்பத்தாண்டின் கடைசியில் வீடுகளுக்கும் போட்டி திறந்துவிடப்பட்ட பிறகு, விற்கிறவர் ஒருவர், மீட்டரைப் பராமரிக்கிறவர் ஒருவர், கம்பிக்குச் சொந்தக்காரர் ஒருவர் என்றாயிற்று. ஒருவரைக் கேட்டால் மற்றவரைச் சுட்டுகிறார். பழைய பாக்கியை ஓராண்டுக்குமேல் பின்னோக்கி வசூலிக்கக் கூடாதென்று ஆஃப்ஜெம் 2018-இல் விதித்தது வீட்டுக்காரருக்கு நல்ல அரண். ஆனால் அது பணத்துக்கு வரம்பு கட்டுகிறதே தவிர, கடிகாரத்தைச் சோதிக்கும் கடமையை ஒருவர்மேலும் சுமத்துவதில்லை. வீட்டுக்காரருக்கு நேரத்தைச் சொல்வது கடினமும் அல்ல: பிரான்ஸ் தேசத்தில் மின்கம்பியின் வழியாகவே 175 ஹெர்ட்ஸ் சமிக்ஞையை அனுப்பி மீட்டரை மாற்றும் முறை நெடுங்காலம் நடந்தது. அந்த வீட்டுக்குரிய மலிவு நேரம் பில்லிலேயே அச்சாகி வருவதும் அங்கே வழக்கம். செலவு ஒரு வரி மை.

இந்த விவகாரம் நமக்குத் தொலைவானது என்று தோன்றலாம். ஆனால் இந்திய அரசாங்கம் 2023-இல் திருத்திய மின் நுகர்வோர் உரிமை விதிகள், விவசாயம் நீங்கலாக வீடுகள் உள்பட எல்லா இணைப்புகளுக்கும் 2025 ஏப்ரல் முதல் ஸ்மார்ட் மீட்டர் வந்தவுடன் நேரத்துக்கேற்ற விலை என்று வகுத்திருக்கின்றன. இங்கே மலிவு நேரம் இரவல்ல. வெயிலில் மின்சாரம் பெருகும் பகல் பொழுதில் எட்டு மணி நேரம். கோடைக்கால நேரம் என்ற தொல்லை நமக்கில்லை. தேசம் முழுவதற்கும் ஒரே நேரம். எனினும் மீட்டருக்குள் கடிகாரம் ஒன்று இருக்கத்தான் போகிறது. நம் மின்னணு மீட்டர்களின் திரையில் தேதியும் மணியும் சுழன்று வருவதால், அதைக் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு பிரிட்டிஷ் வீட்டுக்காரருக்கு வெகுகாலம் கிடைக்காத பாக்கியம். வித்தியாசம் கண்டால் யாரிடம் எழுதுவது, எத்தனை நாளைக்குள் திருத்துவார்கள், அதுவரை ஓடிய யூனிட்டுகளுக்கு எந்த விலை என்பவற்றை மாநில ஒழுங்குமுறை ஆணையங்கள் கட்டண ஆணையிலேயே, விலைப் பட்டியலுக்கு அடுத்த பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும்.