டிரையோடு வால்வும் ஒரு வரி வரலாறும்

பொது அறிவு நூல் எதையேனும் எடுத்துப் புரட்டிப் பாருங்கள். கண்டுபிடிப்புகளின் பட்டியலில் இரண்டு வரிகள் பெரும்பாலும் இருக்கும்: 'டையோடு வால்வு – ஃபிளெமிங், 1904, டிரையோடு வால்வு – லீ டி ஃபாரஸ்ட், 1906.' பள்ளி நாளில் நானும் இதை மனப்பாடம் செய்தவன்தான். இன்று வகுப்பில் என் மாணவர்கள் அதே இரு வரிகளை அதே வரிசையில் ஒப்பிக்கிறார்கள். "சரி, வால்வுக்குள் ஏன் வெற்றிடம் வேண்டும்?" என்று மேலே ஒரு கேள்வி கேட்டால், "இழை எரிந்துபோகாமல் இருக்க" என்று பதில் வருகிறது. மின்விளக்குக்கு அது போதுமான பதில். வால்வுக்கு அது கால் பங்கு பதில்கூட ஆகாது.

இந்த ஒரு வரி வரலாற்றைப் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதில் விடுபட்டுப்போனதுதான் பௌதிகம் என்பது என் குறை. அந்தக் குறையை வாசகர்முன் கொஞ்சம் விரித்து வைக்கிறேன்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. நம் பாடநூல்களில் 'வெப்ப அயனி உமிழ்வு' என்றொரு தலைப்பு உண்டு. இதைப் படித்த மாணவன் தேர்வில் என்ன எழுதுகிறான்? 'உலோகத்தைச் சூடாக்கினால் அயனிகள் வெளிவருகின்றன' என்று எழுதுகிறான். வெளிவருபவை எலெக்ட்ரான்கள். பிழை மாணவனுடையதன்று. சூடான பொருள்களிலிருந்து வெளிவரும் மின்துகள்களுக்கு ரிச்சர்ட்சன் ஆங்கிலத்தில் வைத்த பெயரிலேயே 'அயனி' ஒட்டிக்கொண்டிருந்தது. நாம் அதை அப்படியே தமிழாக்கிக்கொண்டோம். 'வெப்ப எலெக்ட்ரான் உமிழ்வு' என்று எழுதினால் ஒரு கெடுதலும் நேர்ந்துவிடாது. இந்த 'அயனி' என்ற சொல் பின்னால் மீண்டும் வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டு நேர்மின்னூட்டத்தையும் எதிர்மின்னூட்டத்தையும் ஒரே விதமாக இழப்பதில்லை என்று 1873-இல் ஃபிரெடரிக் கத்ரி கண்டார். பத்தாண்டு கழித்து எடிசன் தம் மின்விளக்கின் கண்ணாடி கறுப்பதை ஆராயும்போது, உள்ளே ஒரு தனித் தகட்டை வைத்துப் பார்த்தார். தகட்டை நேர்மின்முனையுடன் இணைத்தால் மின்னோட்டம் பாய்ந்தது. எதிர்மின்முனையுடன் இணைத்தால் பாயவில்லை. 1883-இல் இதற்கு அவர் காப்புரிமை கேட்டார். எதற்கென்று நினைக்கிறீர்கள்? மின்னழுத்தம் ஏறி இறங்குவதைக் காட்டும் ஒரு கருவிக்கு! இழையிலிருந்து எது புறப்பட்டு வருகிறது என்று அவர் துருவிப் பார்க்கவில்லை. எலெக்ட்ரான் என்ற துகள் அடையாளம் காணப்பட்டதே 1897-இல்தான்; ஆகவே அவரைக் குறை கூறுவதற்கில்லை.

எடிசன் கம்பெனியின் லண்டன் கிளைக்கு ஆலோசகராக இருந்தபோது ஃபிளெமிங் இத்தகைய விளக்குகளை ஆராய்ந்திருந்தார். ஏறத்தாழ 15 ஆண்டுகளுக்குப் பின் மார்க்கோனி கம்பெனிக்கு ஆலோசகராக இருந்த நிலையில், கம்பியில்லாத் தந்தியின் அலைகளை உணர ஒரு கருவி தேவைப்பட்டது. பழைய விளக்குகள் அவர் நினைவுக்கு வந்தன. 1904 நவம்பரில் காப்புரிமை விண்ணப்பம் போயிற்று. தண்ணீரை ஒரு பக்கமாக மட்டும் விடும் வால்வைப் போல மின்னோட்டத்தை ஒரு பக்கமாக விடுவதால் அதற்கு 'வால்வு' என்றே பெயர் வைத்தார். இதுவரை கதையில் சிக்கல் இல்லை.

சிக்கல் டி ஃபாரஸ்டிடம் தொடங்குகிறது. 1900-இல் சிகாகோவில் அவர் தம் அறையில் பொறிச்சுருளை இயக்கிக்கொண்டிருந்தார். பொறி பாயும்போதெல்லாம் அறையிலிருந்த வாயு விளக்கின் ஒளி மாறியது. மின்காந்த அலைகளைச் சூடான வாயு உணர்கிறது என்று அவர் முடிவு கட்டினார். பிறகு சோதித்துப் பார்த்தால், விளக்கை அசைத்தது பொறியின் வெறும் ஓசைதான்! அந்த விளக்கு பொய்த்துப்போன பின்னும், சூடான வாயுவே அலைகளை உணரும் என்ற எண்ணத்தை அவர் விடவில்லை. சுடரில் தொடங்கிய அந்த எண்ணம் கண்ணாடிக் குமிழுக்குள் புகுந்தது. 1906 இறுதியில் இழைக்கும் தகட்டுக்கும் நடுவே வளைந்து வளைந்து செல்லும் ஒரு கம்பியை வைத்தார். அதுதான் கிரிட். 1907 ஜனவரியில் விண்ணப்பித்து, 1908 பிப்ரவரியில் காப்புரிமை பெற்றார். கருவிக்கு இட்ட பெயர் 'ஆடியான்'. கேட்டல் என்பதையும் அயனி என்பதையும் சேர்த்துச் செய்த பெயர் அது. தம் குமிழுக்குள் வேலை செய்பவை வாயுவின் அயனிகள் என்று அவர் நம்பினார் என்பதற்குப் பெயரே சாட்சி. ஆகவே குமிழுக்குள் சிறிது வாயு மிஞ்சியிருக்க வேண்டும், அதை முழுவதும் உறிஞ்சிவிட்டால் கருவி கெட்டுவிடும் என்பது அவர் கருத்து.

இப்போது யோசித்துப் பாருங்கள். நாம் 'வெற்றிடக் குழாய்' என்று அழைக்கும் கருவியைக் கண்டுபிடித்தவர், அதில் வெற்றிடம் கூடாது என்று எண்ணியவர்! எந்தப் பட்டியலும் இதைச் சொல்வதில்லை.

சிறிது வாயு இருந்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். இதைக் கணக்கிட்டுப் பார்ப்பதுதான் சுவை. குமிழுக்குள் அழுத்தம் 0.001 மி.மீ. பாதரசம் என்று வைத்துக்கொள்வோம். அந்த அழுத்தத்தில் ஒரு வாயு மூலக்கூறு இன்னொன்றின்மேல் மோதாமல் சராசரியாக 5 செ.மீ. செல்லும், எலெக்ட்ரான் அதைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல் செல்லும். இழைக்கும் தகட்டுக்கும் இடையே உள்ள தொலைவோ சில மில்லிமீட்டர். ஆக, பெரும்பாலான எலெக்ட்ரான்கள் எதன்மேலும் மோதாமலே போய்ச் சேர்ந்துவிடும். அப்படியானால் வாயுவால் கெடுதல் இல்லையே என்று தோன்றும்.

இங்கேதான் மாணவர்கள் சறுக்குகிறார்கள். மோதும் எலெக்ட்ரான்கள் சிலவே. ஆனால் அவை நைட்ரஜன் மூலக்கூறைத் தாக்கிச் செய்யும் அயனி, எலெக்ட்ரானைப் போல் சுமார் 51,000 மடங்கு நிறையுடையது. ஒரே ஆற்றல் பெற்றாலும் அதன் வேகம் எலெக்ட்ரானின் வேகத்தில் ஏறத்தாழ 225-இல் ஒரு பங்குதான். திருவிழாக் கூட்டத்தில் ஊர்ந்து போகும் தேரைப் போல அது மெல்ல நகர்கிறது. அது இடைவெளியைக் கடப்பதற்குள் இருநூறுக்கு மேற்பட்ட எலெக்ட்ரான்கள் கடந்துவிடும். எனவே ஓர் அயனி, தான் அங்கே தங்கும் நேரம் முழுவதும், பல எலெக்ட்ரான்களின் எதிர்மின்னூட்டத்தை ஈடுசெய்துகொண்டே இருக்கிறது. இழையைச் சூழ்ந்து நின்று புதிய எலெக்ட்ரான்களைத் திருப்பித் தள்ளும் எலெக்ட்ரான் மேகத்தை 'வெளி மின்னூட்டம்' என்கிறோம். கிரிட்டின் ஆட்சி நடப்பது இந்த மேகத்தின் மீதுதான். அயனிகள் புகுந்து மேகத்தைக் குலைத்தால், கிரிட்டின் பிடி தளர்ந்துவிடும். மின்னழுத்தத்தைச் சற்று உயர்த்தினால் போதும். வாயு நீலமாக ஒளிர்ந்து, மின்னோட்டம் கட்டுக்கடங்காமல் போகும்.

1912 அக்டோபரில் டி ஃபாரஸ்ட் தம் ஆடியானை அமெரிக்கத் தொலைபேசிக் கம்பெனியாரிடம் கொண்டுபோய்க் காட்டியபோது நடந்ததும் இதுவே. மெல்லிய பேச்சை அது பெருக்கியது. சற்றுக் கூடுதல் ஆற்றலைக் கொடுத்தால் நீல ஒளி தோன்றியது, பேச்சு சிதைந்தது. அந்தக் கம்பெனியின் இளம் பௌதிக அறிஞர் ஹரால்டு ஆர்னால்டு சில நாட்களுக்குள் நோயைக் கண்டுகொண்டார்: வாயுவை வெளியேற்றுங்கள், இழையை மாற்றுங்கள். இழையின்மேல் ஆக்சைடு பூச்சுப் பூசினால் சுமார் 1,000 கெல்வினிலேயே நிறைய எலெக்ட்ரான்கள் கிடைக்கும் என்பதை ஜெர்மனியின் வேனெல்ட் முன்பே காட்டியிருந்தார். இப்படித் திருத்தப்பட்ட வால்வுகளைக் கொண்டு 1915 ஜனவரி 25-இல் நியூயார்க்குக்கும் சான்பிரான்சிஸ்கோவுக்கும் இடையே, 5,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கம்பியில், தொலைபேசித் தொடர்பு திறக்கப்பட்டது.

அதே காலத்தில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் இர்விங் லாங்மியூர் வேறு வழியில் இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். உண்மையான வெற்றிடத்தில் எலெக்ட்ரான் உமிழ்வே நின்றுபோகும், மிஞ்சிய வாயுதான் அதற்குக் காரணம் என்று அறிஞர் பலர் அப்போது ஐயுற்றனர். லாங்மியூர் வாயுவை மேலும் மேலும் அகற்றிப் பார்த்தார்; உமிழ்வு நிற்கவில்லை. மின்னோட்டத்துக்கு வரம்பு கட்டுவது வெளி மின்னூட்டமே என்று 1913-இல் விளக்கினார். தகட்டின் மின்னழுத்தத்தை நான்கு மடங்காக்கினால் மின்னோட்டம் எட்டு மடங்காகும் என்ற விதியை 1911-இல் சைல்டு அயனிகளுக்குக் கண்டிருந்தார். அதே விதி எலெக்ட்ரான்களுக்கும் பொருந்திற்று. வால்வைக் கணக்குப் போட்டு வடிவமைக்க முடிந்தது இதற்குப் பிறகுதான்.

இழையின் வெப்பநிலை வால்வுக்கு எவ்வளவு பெரிய தலைவலி என்பதையும் இங்கே பார்த்துவிடலாம். டங்ஸ்டனிலிருந்து ஓர் எலெக்ட்ரானை விடுவிக்க 4.5 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். ரிச்சர்ட்சன் சமன்பாட்டில் இதை இட்டுப் பாருங்கள்: 2,400 கெல்வினிலிருந்து 2,500-க்குப் போனால், அதாவது நூற்றுக்கு நான்கு பங்கு கூட்டினால், உமிழ்வு ஏறத்தாழ இரண்டரை மடங்காகிவிடும். இப்படித் துள்ளும் ஒன்றை நம்பி ஒரு பெருக்கியைச் செய்ய முடியுமா? முடிகிறது. வெளி மின்னூட்டம் நடுவே நின்று மின்னோட்டத்துக்கு வரம்பு கட்டுவதால், இழை சற்றுக் கூடவோ குறையவோ எரிந்தாலும் தகட்டின் மின்னோட்டம் அதிகம் மாறுவதில்லை. தடையாகத் தோன்றிய மேகமே காவலாகவும் நின்றது. எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த இடம் இது. அச்சிட்ட வழிகாட்டிகள் இதை ஒரு வளைகோட்டுப் படத்தோடு முடித்துவிடுகின்றன.

இனி நீதிமன்றத்துக்குள் போவோம். அங்கும் இதே குழப்பம்தான். ஃபிளெமிங்கின் காப்புரிமையை ஆடியான் மீறுகிறது என்று 1916-இல் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மார்க்கோனி கம்பெனியோ டி ஃபாரஸ்டின் கிரிட்டைத் தொட முடியாது. விளைவு, ஒருவர் இசைவின்றி மற்றவர் டிரையோடு செய்ய இயலாத நிலை. ஃபிளெமிங்கின் அந்த அமெரிக்கக் காப்புரிமை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1943-இல். அதன் காலம் முடிந்து இருபதாண்டுக்கு மேல் ஆகியிருந்தது!

லாங்மியூரின் உயர் வெற்றிடக் காப்புரிமையை அதே உச்ச நீதிமன்றம் 1931-இல் தள்ளிவிட்டது. வாயு குறைந்தால் அயனியாக்கம் குறையும் என்பது முன்பே தெரிந்த செய்தி. ஆர்னால்டு போன்ற ஒருவர் பார்த்தவுடன் சொல்லிவிட்டார். ஆகவே அது தேர்ந்த தொழிலறிவே தவிரக் கண்டுபிடிப்பாகாது என்பது தீர்ப்பின் சாரம். சட்டம் என்ற அளவில் இதை நான் மறுக்கவில்லை. வெற்றிடத்துக்கு ஒருவர் உரிமை கொண்டாடுவது ஏற்கத்தக்கதாக எனக்கும் தோன்றவில்லை. ஆனால் நம் பட்டியல்கள் இந்தச் சட்டக் கண்ணோட்டத்தையே பௌதிக வரலாறாக எடுத்துக்கொண்டுவிட்டன. காப்புரிமை பெற்றவருக்கு ஒரு வரி. கருவி ஏன் வேலை செய்கிறது என்று சொன்னவருக்கு இடமில்லை. எட்வின் ஆம்ஸ்ட்ராங்கைப் பாருங்கள். ஆடியானின் உள்ளே நடப்பதை வளைகோடுகள் வரைந்து 1914-இல் தெளிவாக விளக்கியவர் அவர். வெளிவரும் அலையில் ஒரு பகுதியை மீண்டும் கிரிட்டுக்கே ஊட்டி அதைப் பன்மடங்கு பெருக்கலாம் என்று காட்டியவரும் அவரே. அந்த உரிமைக்கான வழக்கில் 1934-இல் உச்ச நீதிமன்றம் டி ஃபாரஸ்ட் பக்கமே தீர்த்தது. வானொலிப் பொறியாளர் சங்கம் தமக்கு முன்பு அளித்த பதக்கத்தை ஆம்ஸ்ட்ராங் திருப்பிக் கொடுக்க வந்தார். சங்கம் வாங்க மறுத்தது. பொறியாளர்கள் யார் பக்கம் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இவ்வளவு சொன்னதால் டி ஃபாரஸ்டை வெறும் போலி என்று தள்ளிவிடும் எழுத்தாளர்களோடு நான் சேர்ந்துவிட்டதாக எண்ணவேண்டாம். அவர்கள் செய்வதும் ஒரு வரி வரலாறுதான். எதிர்ப்பக்கத்து ஒரு வரி. இழைக்குப் பக்கத்தில் மூன்றாவது ஒரு முனையை வைத்து, சிறிய மின்னழுத்தத்தால் பெரிய மின்னோட்டத்தை ஆளலாம் என்பதைச் செய்து காட்டியவர் அவரே. அவருடைய வாயுக் கொள்கையிலும் ஒரு துளி உண்மை இருந்தது. அலைகளை உணரும் வேலைக்கு மட்டும் என்றால், சிறிது வாயு மிஞ்சிய குழாய் சில வேளைகளில் கூர்மையாக இருக்கும். 1920-களின் தொடக்கத்தில்கூட, வேண்டுமென்றே வாயு விட்ட உணர்வால்வுகள் அமெரிக்கக் கடைகளில் விற்றன. அவர் தவறியது, ஒரு மூலையில் பொருந்திய செய்தியைக் கருவி முழுவதற்கும் உரிய காரணமாக எடுத்துக்கொண்டதில்தான்.

டிரான்சிஸ்டர் வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்று கேட்கும் மாணவர் உண்டு. எக்ஸ்-கதிர்க் குழாயில் இன்றும் சூடான இழையிலிருந்தே எலெக்ட்ரான்கள் புறப்படுகின்றன. 1913-இல் கூலிட்ஜ் செய்த அமைப்பின் வழித்தோன்றல் அது. நுண்ணலை அடுப்பிலுள்ள மேக்னட்ரான் ஒரு வெற்றிடக் குழாய். செயற்கைக்கோள் பலவற்றிலும் அலைகளைப் பெருக்குபவை வெற்றிடக் குழாய்களே.

பழைய ரேடியோ பழுதுபார்ப்பவர் யாரேனும் உங்கள் ஊரில் இருந்தால், அவரிடம் ஒரு வால்வை வாங்கிப் பாருங்கள். கண்ணாடியின் உட்புறத்தில், பெரும்பாலும் தலைப்பகுதியில், கண்ணாடி போலப் பளபளக்கும் வெள்ளிநிறப் பூச்சு ஒன்று தெரியும். அது பேரியம். பம்பு வைத்து உறிஞ்சியபின் மிஞ்சிய வாயுவையும், பின்னால் உலோகப் பகுதிகளிலிருந்து கசியும் வாயுவையும் பிடித்து வைத்துக்கொள்வது அதன் வேலை. அந்தப் பளபளப்பு போய்ச் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால், அந்த வால்வுக்குள் காற்று புகுந்துவிட்டது என்று பொருள்.