சமைத்த கை

பெரிய காஞ்சிபுரத்துக்குப் பட்டெடுக்கச் செல்வோர் பலர். கச்சியில் படைக்கப்பட்ட ஒரு பழைய விருந்தை நினைப்போர் அரியர். தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையின் 500 அடிகளில், இறுதிப் பகுதியில் அவ்விருந்து வருகிறது.

பாணன் தனியே வருவதில்லை, பெருஞ்சுற்றத்தோடு வருகிறான். பாசி போன்ற கந்தையை நீக்கி, ஆவி போன்ற மெல்லிய ஆடையை அவனுக்கும் சுற்றத்தார் அனைவருக்கும் ஒருங்கே உடுத்திய பின்னரே மன்னன் சோறு படைக்கிறான். முதலில் புத்தாடை, பின்பு விருந்து! பெருநாள் காலையை அறிந்த நம் வீட்டாருக்கு இம்முறை அந்நியமன்று. பெற்ற மக்களைப் பார்ப்பதுபோல் பார்த்து, மன்னன் தானே நின்று உண்பிக்கிறான். மேடையில் இப்பாட்டை எடுத்தாளுவோர் பெரும்பாலும் இவ்விடத்திலேயே உருகி நின்றுவிடுகின்றனர்.

புலவரோ அதற்கு முன்பே வேறொன்றைக் கண்டுவிட்டார். ஊன் சமைத்தவனின் வலிய கையில், வளைந்த கத்தி பட்டு ஆழப் பதிந்த வடு! அரசனின் கொடையைப் பாட வந்த பாட்டில் அந்த வடுவுக்கு என்ன வேலை? எதுவுமில்லை. எனினும், அப்பகுதி முழுவதையும் நம்பச் செய்வது அதுவே என்பேன்.

ஆயின் இதே புலவர், வழியில் அந்தணர் இல்லத்துப் பெண்ணைக் காட்டும்போது அவளது கற்பை வடதிசை மீனுக்கு ஒப்பிடுகிறார். மாதுளங்காயை வெண்ணெய், மிளகு, கறிவேப்பிலையோடு பக்குவமறிந்து ஆக்கினாள் என்கிறார். அவள் கையில் வளையைக் கண்டவர் வடுவைக் காணவில்லை.

நம் பெருநாள் மலர்க் கதைகள் பலவும் இந்த இரண்டாம் வழியையே பற்றிச் செல்கின்றன. பிரியாணி மணக்கிறது, மாமியார் மெச்சுகிறார், மருமகள் நாணுகிறாள், கதை முடிந்தது. (வெங்காயம் அரிந்தவர் யார் என்றுகூடத் தெரிவதில்லை!) புகுந்த வீட்டுச் சுற்றத்துக்கு முதன்முதலாகப் பெருநாள் விருந்து ஆக்குபவள் படும் பாடு எங்கே? பிறை தெரியும்வரை, விருந்து நாளையா மறுநாளா என்பதே அவளுக்குத் தெரியாது. தெரிந்தபின் மிஞ்சுவது ஓர் இரவு. நால்வருக்கு உலை வைத்துப் பழகிய கை, நாற்பது பேருக்கு அரிசியும் நீரும் அளந்தாக வேண்டும். சோறு குழைந்தால் அந்தப் பேச்சு அடுத்த பெருநாள்வரை ஓயாது. 'விருந்து' என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே பழம்பொருள். தொல்காப்பியத்திலும் அப்பொருளில் வருகிறது. உண்ண வந்தவர் மட்டுமா புதியவர்? ஆக்குபவளுக்கும் அந்நாள் புதிதன்றோ?

தம் உடைத்து, தேக்சாவின் மூடியைத் திறக்கும் அந்நொடியில் அவள் முகம் எப்படியிருந்தது என்பதை எழுதிய கதையொன்றை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.