இணைய நூலகத் தேடலும் 'இல்லை' என்னும் விடையும்

ஒரு பொருளைப் பற்றி முன்னோர் யாது கூறினர் என அறிந்த பின்னரே தன் கருத்தைக் கூறத் தொடங்குதல் ஆராய்ச்சியாளனுக்கு உரிய ஒழுக்கமாகும். அவ்வொழுக்கத்துக்கு உறுதுணையாய் நிற்பது நூலகம். முன்னாளில் அட்டைப் பெட்டிகளைத் துழாவிச் சஞ்சிகைத் தொகுதிகளை ஒவ்வொன்றாகப் புரட்டிய மாணவன், இன்று கணினியின் முன் அமர்ந்து இரண்டொரு சொற்களை இடுகின்றான்; இமைப்பொழுதில் விடை கிடைக்கின்றது. அவ்விடையை எத்துணை நம்பலாம் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

பொதுப்படப் பேசுதலினும் ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு நோக்குதல் தெளிவு தரும். கல்முனைக்கு வடக்கே, மருதமுனையை அடுத்துக் கடலோரமாய் அமைந்த ஊர் பெரியநீலாவணை. அவ்வூரின் பெயரையே தம் புனைபெயராக்கிக் கொண்டவர் கவிஞர் நீலாவணன் (1931 - 1975). அவர் மறைந்தபின் 'வழி' என்னும் தொகுதி 1976 இலும், கிழக்கிலங்கை உழவர் வாழ்வைப் பாடும் 'வேளாண்மை' என்னும் காவியம் 1982 இலும் வெளிவந்தன. அவ்வூர் மாணவன் ஒருவன் இக்கவிஞரை ஆராயப் புகுந்து, ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தையோ வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தையோ சார்ந்து, அதன் நூலகத்தின் இணைய வளங்களை நாடுகின்றான் என்று கொள்வோம்.

அவன் முதற்கண் அறிய வேண்டுவது, நூலகத்தின் இணைய வாயில் ஒன்றன்று, பல என்பது. நூற்பட்டியல் ஒரு வாயில். அது நூல்களின் பெயரையும் சஞ்சிகைகளின் பெயரையும் காட்டுமேயன்றி, சஞ்சிகையினுள் அடங்கிய கட்டுரைகளைப் பொதுவாகக் காட்டாது. கட்டுரைத் தலைப்பை நூற்பட்டியலில் இட்டு ஏமாறுவோர் பலர். கட்டுரைகளுக்குரிய வாயில் தரவுத்தளம். 1995 இல் நிறுவப்பெற்ற ஜேஸ்டோர் போன்றவை உலகின் பழைய சஞ்சிகைகளைத் திரட்டி வைத்துள்ளன. இத்தகையவற்றுட் பல கட்டணத்துக்குரியன. பல்கலைக்கழகம் உரிமை பெற்றிருப்பின், வளாகத்துக்கு வெளியே இருப்போர் தமக்களிக்கப்பட்ட கடவுச்சொல்லைக் கொண்டு நுழையலாம். இலங்கைச் சஞ்சிகைகளை 'ஸ்ரீ லங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன்' என்னும் தளம் கட்டணமின்றி வழங்குகின்றது. மூன்றாவது வாயில், பல்கலைக்கழகம் தன் ஆய்வுகளைத் தானே தொகுத்து வைக்கும் நிறுவனக் களஞ்சியம். இம்மூன்றையும் வேறுபடுத்தி அறியாதவன், தவறான வாயிலைத் தட்டிவிட்டு வீட்டில் ஆளில்லை என்று திரும்புபவனை ஒப்பான்.

இவ்வளங்களின் பயன் பெரிது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது பிரதியற்ற ஏடுகளும் அழிந்தொழிந்தன. ஓரிடத்தில் மட்டும் இருப்பது ஓரிரவில் இல்லாதாகலாம் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று. பலவிடங்களிற் படியெடுத்து வைக்கப்பெறும் மின்வளம் அவ்வச்சத்தைப் பெரிதும் குறைக்கின்றது. ஆதலின், இணையத் தேடலைச் சோம்பேறியின் தொழில் என்று இகழும் முதியோர் கூற்று ஏற்புடைத்தன்று.

எனினும் தமிழாய்வைப் பொறுத்தவரை இக்கருவியின் குறைகள் சிறியனவல்ல.

முதலாவது, ஒலிபெயர்ப்பு. 'நீலாவணன்' என்பதை ஆங்கில எழுத்திற் பொறிப்போருள் ஈகாரத்துக்கு இரண்டு 'ஈ' எழுத்துகளை இடுவார் உளர். ஒற்றை 'ஐ' இடுவாரும் உளர். வகரத்துக்கு ஒருவர் 'வீ' எழுதுவர்; மற்றொருவர் 'டபிள்யூ' எழுதுவர். மனிதர் ஒன்றாகக் காணும் பெயரைக் கணினி வெவ்வேறாகக் கொள்ளும்.

இரண்டாவது, தமிழின் இயல்பு. 'நீலாவணன்' என்று தேடினால், 'நீலாவணனின்', 'நீலாவணனைப்' என வேற்றுமையுருபும் சந்தியும் பெற்ற வடிவங்களைப் பல தளங்கள் விட்டுவிடும். ஆங்கிலச் சொல்லமைதியை நோக்கி ஆக்கப்பட்ட பொறிக்கு உருபேற்கும் தமிழ்ச்சொல் அயலானதே.

மூன்றாவது, எழுத்துரு. இதுவே மிகக் கொடிது. இலங்கையிற் பல்லாண்டுகளாகப் பாமினி முதலிய எழுத்துருக்களில் தட்டச்சிடப்பெற்ற கட்டுரைகள் கண்ணுக்குத் தமிழாய்த் தோன்றும். கணினிக்கோ அவை பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் கோவையே. படமாக வருடி வைக்கப்பெற்ற பழைய பக்கங்களின் நிலையும் இதனை ஒத்ததே. எழுத்தாக மாற்றப்பெற்றாலன்றி அவற்றினுள்ளே சொல்லைத் தேட இயலாது.

ஆகவே, 'விடை எதுவுமில்லை' எனத் திரை கூறுமிடத்து, அதன் பொருள் 'எவரும் எழுதவில்லை' என்பதன்று. 'இச்சொல்லால், இத்தளத்தில், இவ்வெழுத்துருவிற் கிடைக்கவில்லை' என்பதே. இவ்வேறுபாட்டை உணராத மாணவன், 'இப்பொருள் பற்றி இதுவரை ஆய்வு நிகழவில்லை' என்று முன்னுரையிலேயே எழுதிவிடுகின்றான். அவ்வொரு வாக்கியத்தால், அரும்பாடுபட்டு முன்பு எழுதியோர் அனைவரும் எழுதாதவராகின்றனர். தன் ஊர்க் கவிஞனைப் போற்றப் புகுந்தவனே அக்கவிஞனைப் போற்றியோரை மறைத்தவனாகின்றான்.

இதற்குப் பரிகாரம் உண்டு. பல தளங்களிற் சொல்லின் ஈற்றை விடுத்து உடுக்குறி இடலாம். 'நீலாவண' என நிறுத்திக் குறியிட்டால், கவிஞர் பெயரும் அதன் உருபேற்ற வடிவங்களும் ஒருங்கே அகப்படும். மாற்றெழுத்துகளை 'அல்லது' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லால் இணைக்கலாம். தொடரை மேற்கோட்குறிக்குள் அடைக்கலாம். கிடைத்த கட்டுரை ஒன்றின் அடிக்குறிப்புகளைப் பற்றிப் பின்னோக்கிச் செல்லலாம். அதனை எடுத்தாண்டோரைத் தேடி முன்னோக்கியும் செல்லலாம். பல்கலைக்கழக வளத்தோடு நின்றுவிடாது, 2005 முதல் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் மலர்களையும் மின்வடிவாக்கிவரும் நூலகம் திட்டத்தையும் நாடி, உள்ளடக்கப் பக்கங்களைக் கண்ணாற் படித்தல் வேண்டும். இறுதியில் நூலகரை வினவுதல் இழுக்கன்று.

தேடுவோர் கடமை இஃதாயின், எழுதுவோர்க்கும் பதிப்பிப்போர்க்கும் கடமை இல்லையோ? ஈழத்துத் திறனாய்வின் பெரும்பகுதி சிறுசஞ்சிகைகளிலும் விழா மலர்களிலும் கல்லூரி ஆண்டிதழ்களிலும் சிதறிக் கிடக்கின்றது. அவற்றை ஒருங்குறியில் அச்சிட்டு, ஒவ்வொரு கட்டுரைக்கும் சுருக்கமும் தமிழிலும் ஆங்கிலத்திலும் திறவுச்சொற்களும் அமைத்து, இணையக் களஞ்சியத்திற் சேர்ப்பித்தல் இயலாத செயலன்று. அதனைச் செய்யாதவிடத்து, தேடற்பொறியைக் குறைகூறுதல் விளக்கேற்றாதவன் இருளை நோவது போலாம்.

கருவி விரைவைத் தரும்; தெளிவைத் தருவது கற்பவனின் பொறுமையே. 'இல்லை' என்ற விடையைக் கண்டபின் மேலும் ஒருமுறை வேறு சொல்லால் வினவுபவனே ஆராய்ச்சியாளன் என்னும் பெயருக்கு உரியன்.