ஒரே எண்ணில் காந்தம்

பாலம் அமைக்கும் ஈனியால் இணைந்த இரு செப்பு(II) அயனிகளின் காந்த நடத்தையை, அறை வெப்பநிலையில் எடுத்த ஒரே அளவீட்டை வைத்துத் தீர்மானிப்பது பல ஆய்வேடுகளில் தொடர்ந்து வரும் வழக்கம். கூய் தராசில் நிறுத்து, காந்தத் திருப்புத்திறன் 1.73 போர் மேக்னட்டானுக்குக் கீழே வந்தால் ‘எதிர்ஃபெர்ரோகாந்தப் பிணைப்பு’ என்று எழுதிவிடுகிறார்கள். குளிர்நிலைக் கருவி எல்லாக் கல்லூரிக்கும் எட்டாது என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம்.

இச்சேர்மங்களின் தொகுப்பு வேலையில் குறை சொல்ல இடமில்லை. ஃபீனாக்சோ பாலத்தில் இரு உலோகங்களை அருகருகே அமர்த்துவது உயர்ந்த கைத்திறன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் எம். கந்தசாமி குழுவினர் அதை நீண்டகாலம் வளர்த்தனர்.

காப்பர் அசிட்டேட்டுக்கு அறை வெப்பநிலையின் அந்த ஒற்றை எண் பொருந்தும். ஒருமை, மும்மை நிலைகளுக்கு இடையே சுமார் 300 செ.மீ⁻¹ இடைவெளி இருப்பதால் திருப்புத்திறன் அறையிலேயே 1.4-க்கு இறங்குகிறது. இடைவெளி 10 செ.மீ⁻¹ ஆனால்? 300 கெல்வினில் வெப்ப ஆற்றலே 208 செ.மீ⁻¹. 1.73 என்பது 1.72 ஆகும், தராசுக்கு அது தெரியாது. மறுபக்கம் இன்னும் மோசம். பெரிய ஈனியின் டயாகாந்தத் திருத்தத்தை மறந்தால், பிணைப்பே இல்லாத செப்பின் 1.86 கூட 1.75 அளவுக்குக் குறையும். கணக்கிடாத கரைப்பானும் படிகத்தில் தங்கினால் அது 1.73-க்கும் கீழே இறங்கலாம். ஆக, இருக்கும் பிணைப்பை இந்த எண் மறைக்கும், இல்லாததை இட்டுக்கட்டும். இதை அளவீடு என்பதே தவறு.

இயற்பியலாளர் கே. எஸ். கிருஷ்ணனுடன் 1933-இல் படிகக் காந்த ஆய்வை வெளியிட்ட பி. சி. குஹா, காப்பர் அசிட்டேட்டின் காந்த ஏற்புத்திறன் குளிரக் குளிரச் சரிவதை 1951-இல் காட்டினார். அந்தச் சரிவுதான் அடுத்த ஆண்டு பிளீனியும் பவர்ஸும் தந்த சமன்பாட்டுக்கு வழிவிட்டது. பால அணுவில் செப்பு–ஆக்சிஜன்–செப்புக் கோணம் 97.5 பாகையைத் தாண்டினால் ஃபெர்ரோகாந்தம் எதிர்ஃபெர்ரோகாந்தமாகும் என்ற 1976-ஆம் ஆண்டு ஹாட்ஃபீல்டு–ஹாட்சன் உறவும் ஹைட்ராக்சோ பாலச் சேர்மங்களின் படிக அமைப்பையும் வெப்பநிலை வளைகோட்டையும் சேர்த்தே பெறப்பட்டது. ஒற்றை எண்ணின்மேல் அந்தக் கோணத்தை ஏற்றி விளக்கம் எழுதுவது அஸ்திவாரம் இல்லாத மாடி.

வசதி இல்லை என்பதும் முழு நியாயமன்று. ஐ.ஐ.டி. மெட்ராஸின் சைஃப் பகுப்பாய்வுக் கருவி மையத்தில் எலக்ட்ரான் பாராகாந்த ஒத்ததிர்வு (இ.பி.ஆர்.) கருவி இருக்கிறது. எக்ஸ் பட்டையில் 1600 காஸ் அருகே தோன்றும் பாதிப் புலக் குறி, மும்மை நிலைக்குத் தராசைவிட நேரான சாட்சி.

அறை வெப்பநிலை எண் மட்டும் கையில் உள்ளவர் அதை எண்ணாக மட்டும் அச்சிடட்டும். ‘பிணைப்பு’ என்ற சொல்லை வளைகோடு வரும்வரை நிறுத்திவைக்க வேண்டும்.