சுவரில் தொங்கும் சொல்: ஸரீனாவின் அச்சுப் படைப்புகள்

ஓவியம் குறித்து முஸ்லிம்களிடையே உரையாடல் எழும்போதெல்லாம், அது ஆகுமா ஆகாதா என்ற வினாவோடு தொடங்கி அவ்வினாவோடே முடிந்துவிடுகின்றது. உயிருள்ளவற்றின் உருவங்களை வரைவது பற்றி ஃபிக்ஹு அறிஞர்கள் வகுத்த எல்லைகளை நாம் அறிவோம். மரத்தையும் உயிரற்ற பொருள்களையும் வரைந்துகொள்ளலாம் என இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் ஓர் ஓவியருக்கு வழிகாட்டிய செய்தி புகாரியில் உள்ளதையும் அறிவோம். ஆயினும் ஆகுமான அப்பெரும் பரப்பில் நம் காலத்துக் கலைஞர்கள் செய்தது யாது, அதன் தரம் யாது என்று நாம் கேட்பதில்லை. எம்.எஃப். ஹுசைனை (1915–2011) நம்மவர் பலர் அறிந்ததும் அவருடைய ஓவியங்களால் அன்று. அவற்றைச் சூழ்ந்த வழக்குகளால்தான்.

வழக்குகள் சூழாத காரணத்தாலேயே நம் கவனத்திற்கு வராமற் போனவர் ஸரீனா ஹாஷ்மி. 1937ஆம் ஆண்டு அலிகரில் பிறந்தார். தந்தை அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர். கணிதத்தில் பட்டம் பெற்ற ஸரீனா, பின்னர் பாரிஸிலும் டோக்கியோவிலும் அச்சுக்கலை பயின்று, நியூயார்க்கில் நெடுங்காலம் வாழ்ந்து, 2020ஆம் ஆண்டு லண்டனில் காலமானார். பிரிவினைக்குப் பிந்திய ஆண்டுகளில் அவருடைய குடும்பம் பாகிஸ்தானுக்குக் குடிபெயர்ந்தது. பிறந்த வீடு இருக்க, அவ்வீட்டுக்குரியோர் இல்லாமற்போன இந்நிலையே அவருடைய கலையின் கரு எனலாம்.

புதுதில்லியில் 1989இல் ரேணு மோதி நிறுவிய கேலரி எஸ்பேஸ் என்னும் வணிகக் கலைக்கூடம் அவருடைய படைப்புகளைக் காட்சிக்கு வைத்தது. அவருடைய படைப்புகளுள் தலையாயது, ‘வீடு ஓர் அந்நிய இடம்’ எனப் பொருள்படும் தலைப்பைக் கொண்ட 1999ஆம் ஆண்டுத் தொகுதி. வீடு, வாசற்படி, காலம் என்பன போன்ற உருதுச் சொற்களை நஸ்தஅலீக் எழுத்தில் எழுதுவித்து, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மரச்செதுக்கு வடிவத்தை அமைத்தார். மொத்தம் 36 தாள்கள். அவற்றில் மனித உருவம் இல்லை. கோடும் சதுரமும் கருமையுமே உள்ளன. ஆயினும் அவ்வீட்டில் வாழ்ந்தோரின் இன்மையை நாம் உணர்கிறோம். உருவத்தைத் தவிர்ப்பது கலைக்கு வறுமை என்று கருதுவோர்க்கு இத்தொகுதி தக்க மறுமொழி.

2001ஆம் ஆண்டில் அவர் உருவாக்கிய ‘பிரிக்கும் கோடு’ என்னும் படைப்பு இந்திய–பாகிஸ்தான் எல்லையைக் காட்டுவது. மரச்செதுக்கு அச்சில் மை பற்றுவது மேடாக நிற்கும் பகுதியே. ஆகவே கோடு கறுப்பாக விழ வேண்டுமாயின் கோட்டைச் செதுக்கலாகாது. அதன் இருபுறத்தையும் செதுக்கி அகற்ற வேண்டும். கோடு எஞ்ச, நிலம் போயிற்று. வரலாற்று நூல்கள் பல பக்கங்களில் கூறும் துயரை அச்சுத் தொழிலின் இயல்பு ஒன்றே இங்குக் கூறிவிடுகின்றது. கருத்தும் கைவினையும் இவ்வாறு ஒன்றாதலையே நாம் உயர்ந்த கலை என்கிறோம்.

இத்தகைய ஒருமை அவருடைய எல்லாப் படைப்புகளிலும் அமைந்துவிட்டதெனக் கூற இயலாது. 2010ஆம் ஆண்டில் காகிதத்தின்மீது பொன்தகடு ஒட்டி அவர் உருவாக்கிய ‘கண்ணைக் கூசச் செய்யும் ஒளி’ என்னும் படைப்பு, தூர் மலையில் மூஸா (அலை) அவர்கள் மூர்ச்சித்து வீழ்ந்த நிகழ்ச்சியை நமக்கு நினைவூட்டுகின்றது. ஆயினும் விற்பனைக்கூடத்தின் விளக்கொளியில் பொன் தன் விலையையும் சேர்த்தே பேசும். கரிய மையில் இருந்த அடக்கம் அங்கு இல்லை என்பது நம் கருத்து.

எம். புதுப்பட்டி, சிவகாசி வட்டாரத்தில் காகிதத்திற்கு இருவகை வாழ்வு உண்டு. ஒன்று, குழலாகச் சுருட்டி மருந்து அடைக்கப்பெற்று நொடியில் துகளாவது. மற்றொன்று, நாட்காட்டியாக அச்சாகி ஓராண்டு சுவரில் தொங்குவது. கஅபாவும் மதீனாவின் பச்சைக் குவிமாடமும் நம் இல்லங்களுக்கு வந்து சேர்ந்தது இரண்டாம் வழியில்தான். இந்நாட்காட்டிப் படங்களை ஆய்வுலகமும் பொருட்படுத்துகின்றது. காஜ்ரி ஜெயின் 2007இலும், முஸ்லிம்களின் பக்திப் படங்கள் குறித்து யூசுஃப் சயீத் 2012இலும் நூல்கள் வெளியிட்டுள்ளனர்.

நாட்காட்டியின் அச்சு பல்லாயிரம் படிகளைக் கடந்தும் ஓடும். ஸரீனாவின் 1999ஆம் ஆண்டுத் தொகுதியோ 25 படிகள் மட்டுமே. பெருக்குவதற்கென்றே தோன்றிய அச்சுக்கலையை எண்ணிக்கையால் கட்டுவது விலையைக் காக்கும் வணிக வழக்கம். அதனைக் குற்றமென நாம் கூறவில்லை. கலைஞரும் உண்டு வாழ வேண்டியவரே. ஆனால் அதன் விளைவை நோக்க வேண்டும். அத்தொகுதியின் படியொன்றை நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் காணலாம். வாங்கிச் செல்லும் செல்வர் வீட்டுச் சுவரிலும் காணலாம். அங்கெல்லாம் அச்சொற்களைப் படிக்கத் தெரிந்தோர் எத்தனை பேர்? படிக்க அறியாதவர்க்கு ‘வக்த்’ என்பது காலமன்று, அழகிய வளைவு மட்டுமே. மறுபுறம், நம் நாட்காட்டியில் இறைநாமத்தைப் படிப்போர் உள்ளனர். ஆண்டு முடிந்ததும் அத்தாளைப் புதைப்பதா எரிப்பதா என ஆலிம்களிடம் வினவும் பேணுதலும் உண்டு. ஆனால் அவ்வெழுத்தின் அமைப்பில் கலை நுட்பத்தைத் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றமே. ஓரிடத்தில் கலை உண்டு, வாசகர் அரியர். மற்றோரிடத்தில் வாசகர் உண்டு, கலை அரிது.

இந்நிலை உருதுவுக்கு மட்டும் உரியதன்று. தமிழ் முஸ்லிம்களின் அரபுத்தமிழ் ஏடுகளுக்கு நேர்ந்ததும் இதுவே. நம் முன்னோர் மார்க்கச் சட்டத்தையும் மருத்துவத்தையும் பாடலையும் எழுதிவைத்த அவ்வெழுத்தைச் சரளமாகப் படிப்போர் இன்று மிகச் சிலர். வாசகரை இழந்த எழுத்து முதலில் நினைவுப்பொருளாகின்றது. பின்பு அலங்காரப் பொருளாகின்றது. ஸரீனா தம் படங்களின் கீழ்ச் சொல்லை நிறுத்தியது இவ்விழப்பைத் தடுக்கும் முயற்சி என்றே நாம் கொள்கிறோம். சொல்லை அகற்றினால் அவருடைய சதுரம் வெறும் சதுரமே.

எனவே கலைக்கூடத்தை வெறுப்பதாலோ வியப்பதாலோ பயனில்லை. அரபிக் கல்லூரிகளின் பாடத்திட்டத்தில் எழுத்தணிக் கலைக்கு வாரத்தில் ஒரு மணி நேரமேனும் ஒதுக்குதல் வேண்டும். அரபுத்தமிழ் ஏடுகளை மாணவர்க்குப் படிக்கக் கற்பிப்பதோடு, அவற்றின் எழுத்தழகையும் காட்டுதல் வேண்டும். அச்சகங்கள் நிறைந்த இம்மாவட்டத்தில், நல்ல எழுத்தமைப்போடு ஒரு நாட்காட்டி வெளியிடுவதற்குக் கோடிகள் தேவையில்லை. எழுத்தை அறிந்த கையும் அதனை மதிக்கும் கண்ணும் போதும். அவ்விரண்டையும் ஆக்கித் தருதல் கலைக்கூடத்தின் கடமையன்று, நம் கல்விக்கூடங்களின் கடமை.